மகளின் தொண்டையில் கிருமி: பயப்பட வேண்டியது எதற்கு, வேண்டாதது எதற்கு?

மேற்கு மாவட்டம் ஒன்றின் சிறு நகரிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று மாதங்களுக்கு முன்பு அவள் வகுப்புச் சிறுவன் ஒருவனுக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து, ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். பயந்துபோன பள்ளி நிர்வாகம் அந்த வகுப்பின் 38 பிள்ளைகளுக்கும் தொண்டையில் பஞ்சுக்குச்சியால் மாதிரி (ஸ்வாப்) எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை செய்யச் சொன்னது. ஆறு பேருக்கு ‘ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்ற கிருமி இருப்பதாக முடிவு வந்தது. அந்த ஆறு பேரில் இவருடைய மகளும் ஒருத்தி.

அவளுக்குக் காய்ச்சல் இல்லை, தொண்டை வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். ஐந்து நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மறுபடி எடுத்த ஸ்வாப்பிலும் கிருமி. பத்து நாள் அமாக்சிசிலின் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் கிருமி. நடுவில் ஒருநாள் “ராத்திரியில கால் வலிக்குதும்மா” என்று சொன்னதால் ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனை செய்ததில் 340 என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் டான்சிலை எடுத்துவிடச் சொல்கிறார். கிருமி இல்லை என்ற சான்று வரும்வரை பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று பள்ளி சொல்லிவிட்டது. மூன்று வாரமாகக் குழந்தை வீட்டில் இருக்கிறாள். வீட்டில் ஐந்து மாதத் தம்பியும் சர்க்கரை நோயுள்ள பாட்டியும் இருக்கிறார்கள். ஐஸ்கிரீம்தான் காரணம் என்கிறார் மாமியார். வளர்ப்பு நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் சிறுவனின் தாய், “நோயோட பிள்ளையை அனுப்புனவங்களாலதான் என் பையனுக்கு இப்படி ஆச்சு” என்று எழுதியிருக்கிறார்.

“என் மகளின் இதயம் கெட்டுவிடுமா டாக்டர்? அவள்தான் அந்தப் பையனுக்குக் கொடுத்தாளா? என் அண்ணனுக்கும் எட்டு வருடம் முன்பு இதய வால்வில் பலூன் வைத்துச் சரிசெய்தார்கள். அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம்” என்று முடிகிறது கடிதம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது தொண்டையில் இருக்கும் இந்தக் கிருமியால் உங்கள் மகளின் இதயம் கெட்டுப்போகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. அந்தச் சிறுவனுக்கு அவள்தான் கொடுத்தாள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் மகள் நோயாளி அல்ல. ஆனால் கடிதத்தின் கடைசியில் அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

கிருமி இருப்பது வேறு, நோய் வேறு

நலமாக ஓடியாடும் பள்ளிப் பிள்ளைகள் பலருடைய தொண்டையில் இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-இல் வெளிவந்த கணக்குப்படி, எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 12 பேரிடம் இது காணப்படுகிறது. குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இது 20 வரைகூடப் போகும். உங்கள் மகளின் வகுப்பில் 38 பேருக்கு ஆறு பேர் என்பது, வருடத்தின் எந்த மாதத்தில், எந்த ஊர்ப் பள்ளியில் ஸ்வாப் எடுத்தாலும் வரக்கூடிய எண்ணிக்கைதான். பள்ளி அதைத் தொற்றுப் பரவல் என்று எடுத்துக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் இல்லாத போன வருடத்தில் எடுத்திருந்தாலும் ஏறக்குறைய இதே முடிவு வந்திருக்கும்.

திண்ணையில் வந்து உட்கார்ந்த வழிப்போக்கனைப் போல இந்தக் கிருமி தொண்டையின் மேற்பரப்பில் தங்கியிருக்கிறது. வீட்டுக்குள் நுழையவில்லை. நுழைந்திருந்தால் உடல் சும்மா இருந்திருக்காது. காய்ச்சல் வந்திருக்கும், தொண்டை சிவந்து வீங்கியிருக்கும், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கும். ருமாட்டிக் காய்ச்சல் என்பது, அப்படி உள்ளே நுழைந்த கிருமியோடு உடல் போரிட்ட பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, அந்தப் போரின் தடுமாற்றத்தில் நம் எதிர்ப்புச் சக்தியே மூட்டையும் இதயத்தையும் தாக்குவதால் வருவது. போரே நடக்காத இடத்தில் அந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லை. நீண்டநாள் தங்கும் கிருமி தன் வீரியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. உடல் திசுவைத் தாக்க அதற்கு உதவும் ‘எம்’ புரதம் குறைந்துபோவதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள்.

ஸ்வாப் பரிசோதனை பொய் சொல்லவில்லை. ஆனால் தங்கியிருக்கும் கிருமியையும் தாக்குகிற கிருமியையும் அதனால் பிரித்துக் காட்ட முடியாது. அதனால்தான் நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஸ்வாப் எடுப்பதில்லை. மருந்து முடிந்ததும் கிருமி போய்விட்டதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பதும் வழக்கத்தில் தேவையில்லை. பள்ளி எடுத்த முடிவு அக்கறையால் வந்ததுதான், ஆனால் தவறான இடத்தில் தொடங்கிவிட்டது.

மருந்து ஏன் வேலை செய்யவில்லை?

இந்தக் கேள்வி உங்களை மிகவும் கலங்கடித்திருக்கிறது. “பெரிய மருந்துக்கும் அடங்காத கிருமி” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிராகப் பென்சிலின் இன்றுவரை தோற்றதே இல்லை. இத்தனை ஆண்டு பயன்படுத்திய பிறகும் அப்படி இருக்கும் கிருமிகள் அபூர்வம். அசித்ரோமைசின் கதை வேறு. அதற்கு அடங்காத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பல இடங்களில் உண்டு. ஐந்து நாளில் முடிந்துவிடும் என்ற வசதிக்காக அதை முதலில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம்.

அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து மருந்துகள், வேகமாகப் பெருகும் கிருமியின் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அழிப்பவை. சும்மா தங்கியிருக்கும் கிருமி மெதுவாகவே பெருகுகிறது. சில கிருமிகள் டான்சில் செல்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்கின்றன, அங்கே இந்த மருந்து சரியாக எட்டாது. அதனால் நோயை மிக நன்றாகக் குணமாக்கும் அதே அமாக்சிசிலின், தங்கியிருக்கும் கிருமியைத் துடைப்பதில் சுமார்தான். பல பிள்ளைகளுக்கு இது மாதக்கணக்கில், சிலருக்கு ஆறு மாதத்துக்கும் மேல் இருந்துவிட்டுத் தானாகவே போய்விடும். அதற்காக மருந்து மாற்றி மருந்து கொடுத்தால் வயிற்றுப்போக்கும், குடலிலுள்ள நல்ல கிருமிகளின் அழிவும், மற்றக் கிருமிகளுக்கு மருந்து எதிர்ப்பும்தான் மிஞ்சும்.

ஏ.எஸ்.ஓ. 340-உம் பென்சிலின் ஊசியும்

நம் ஊரில் இந்த ஒரு எண்ணால் தேவையில்லாமல் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் ஏராளம். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஏ.எஸ்.ஓ. என்பது, கடந்த சில மாதங்களில் எப்போதாவது இந்தக் கிருமியோடு உடல் பழகியிருக்கிறது என்பதற்கான தடயம். தொற்று வந்து ஒரு வாரத்தில் ஏறத் தொடங்கி, மூன்று முதல் ஆறு வாரத்தில் உச்சிக்குப் போய், பிறகு மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். ஆய்வகத் தாளில் 200-க்கு மேல் என்றால் தடித்த எழுத்தில் அச்சடித்துவிடுகிறார்கள். ஆனால் தொண்டைத் தொற்று அடிக்கடி வந்துபோகும் பள்ளி வயதில், நலமாயிருக்கும் பிள்ளைகள் பலருக்கும் அது 200-ஐத் தாண்டும். அந்த எண்ணை மட்டும் வைத்து ருமாட்டிக் காய்ச்சல் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த நோயை முடிவுசெய்ய ஜோன்ஸ் விதிகள் என்று 1944-இலிருந்தே ஒரு வரைமுறை இருக்கிறது. 2015-இல் அதைத் திருத்தி, நோய் அதிகமுள்ள நம்மைப் போன்ற பகுதிகளுக்குத் தனி அளவுகோலும் கொடுத்தார்கள். மூட்டு விட்டு மூட்டுத் தாவும் வீக்கமும் வலியும், இதயப் பாதிப்பு, கட்டுப்பாடின்றிக் கைகால் துள்ளுவது, தோலில் தனிவகைத் தடிப்பு, தோலுக்கடியில் முடிச்சுகள் ஆகியவையே பெரிய அடையாளங்கள். இவற்றில் ஒன்றாவது தெளிவாக இருக்கும்போதுதான் ஏ.எஸ்.ஓ.வுக்கு மதிப்பு.

உங்கள் மகளின் கால் வலி? இரவில் மட்டும், இரண்டு கெண்டைக்காலிலும், தேய்த்துவிட்டால் தூங்கிவிடுகிறாள், காலையில் குதித்து ஓடுகிறாள் என்கிறீர்கள். இது வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு வருகிற சாதாரண வலி. ருமாட்டிக் மூட்டுவலி வந்த குழந்தை முழங்காலைத் தொடவே விடாது, நடக்கவே அழும்.

21 நாளுக்கு ஒருமுறை போடும் அந்த ஊசி, ருமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்ட பிள்ளைக்கு உயிர் காக்கும் மருந்து. மறுமுறை வந்தால் வால்வு மேலும் சிதையும் என்பதால் பல ஆண்டுகள் விடாமல் போட வேண்டியது. உங்கள் மகளின் வகுப்புத் தோழனுக்கு அது கட்டாயம் தேவை. உங்கள் மகளுக்குத் தேவையில்லை. வலி மிகுந்த ஊசி அது. அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் வரும். நோய் வராத குழந்தையை அதற்கு உட்படுத்த வேண்டாம்.

டான்சில் அறுவையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஒரே வருடத்தில் ஏழு முறையோ, தொடர்ந்து இரண்டு வருடம் ஆண்டுக்கு ஐந்து முறையோ, மூன்று வருடம் ஆண்டுக்கு மூன்று முறையோ கடுமையான தொண்டைத் தொற்று வந்ததற்கு மருத்துவப் பதிவு இருந்தால்தான் அதை யோசிக்கிறோம். உங்கள் மகளுக்கு இந்த வருடம் ஒருமுறைகூட வரவில்லை.

உங்கள் அண்ணனைப் பற்றிய அந்த ஒரு வரி

தங்கியிருக்கும் கிருமிக்கு மருத்துவம் வேண்டாம் என்ற பொது விதிக்குச் சில விலக்குகள் உண்டு. ஊரில் ருமாட்டிக் காய்ச்சலோ, இதே கிருமியைத் தொடர்ந்து வரும் சிறுநீரக அழற்சியோ கூட்டமாகப் பரவுவது ஒன்று. விடுதி போன்ற மூடிய இடத்தில் தொற்று சுற்றிச் சுற்றி வருவது இன்னொன்று. குடும்பத்தில் யாருக்காவது ருமாட்டிக் காய்ச்சல் வந்திருப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு வந்ததைப் பரவல் என்று கொள்ள முடியாது. ஆனால் இளம் வயதிலேயே வால்வு சுருங்கிப் பலூன் வைத்தார்கள் என்றால், நம் நாட்டில் அது பெரும்பாலும் சிறுவயதில் கவனிக்காமல் விட்ட ருமாட்டிக் காய்ச்சலின் விளைவுதான். அந்த நோய்க்கு இடங்கொடுக்கும் உடல்வாகு குடும்பங்களில் தொடர்வதுண்டு. தாய்மாமனுக்கு இருந்ததால் மருமகளுக்கு வந்தே தீரும் என்று பொருளில்லை. ஆனாலும் உங்கள் மகளின் விஷயத்தில் தராசு கொஞ்சம் சாய்கிறது.

எனவே நான் சொல்வது இது. குழந்தைகள் நல மருத்துவர் ஒருவர் அவளுடைய இதயத்தை ஒருமுறை நன்றாகக் கேட்டுப் பார்க்கட்டும், எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் ஒன்றும் எடுத்துவிடுங்கள். அது இயல்பாக இருந்தால், தங்கியிருக்கும் கிருமியை அகற்றுவதற்கென்றே உள்ள மருந்துத் திட்டங்களில் ஒன்றை ஒரே ஒரு முறை முழுமையாகக் கொடுக்கலாமா என்று அவரோடு பேசுங்கள். பத்து நாள் கிளிண்டாமைசின், அல்லது பத்து நாள் அமாக்சிசிலின்-கிளாவுலனேட், அல்லது பென்சிலினோடு கடைசி நான்கு நாள் ரிஃபாம்பிசின் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. எடை, ஒவ்வாமை, வயிறு தாங்குமா என்பதைப் பார்த்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இது கட்டாயமல்ல. கொடுக்காமல் கவனமாகப் பார்த்துக்கொள்வதும் தவறில்லை. உங்கள் பயத்தின் அளவைப் பார்க்கும்போது, ஒருமுறை கொடுத்துவிட்டு அத்தியாயத்தை மூடிவிடுவதே நல்லது என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு, அவள் நன்றாக இருக்கும்போது ஸ்வாப் எடுக்காதீர்கள்.

“அவள்தான் கொடுத்தாளா?”

நீண்டநாள் கிருமியைத் தாங்கும் பிள்ளைகள் மற்றவர்களுக்குப் பரப்புவது மிகவும் குறைவு. இதில் ஒரு நுணுக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். லண்டனில் 2018, 2019-ஆம் ஆண்டுகளில், இதே கிருமியால் வரும் ஸ்கார்லெட் காய்ச்சல் கண்ட வகுப்புகளில் ஆய்வு செய்தபோது, நலமாக இருந்த சக மாணவர்கள் சிலரிடமும் அதே வகைக் கிருமி இருந்தது தெரிந்தது. அதாவது கிருமி புதிதாக வந்த சில வாரங்களில், அறிகுறி இல்லாத பிள்ளையும் ஓரளவு பரப்பக்கூடும். ஆனால் உங்கள் பள்ளியில் ஸ்வாப் எடுத்தது அந்தச் சிறுவன் மருத்துவமனைக்குப் போன பிறகு. அவனுக்குக் கிருமி வந்ததோ அதற்கும் இரண்டு மூன்று வாரம் முன்பு. ஆறு பேரில் யாருக்கு யாரிடமிருந்து வந்தது, எல்லாம் ஒரே வகைதானா என்பது எதுவும் தெரியாது. அவனிடமிருந்தே உங்கள் மகளுக்கு வந்திருக்கலாம். பேருந்திலோ, டியூஷனிலோ, அவன் வீட்டிலோகூட அவனுக்குக் கிடைத்திருக்கலாம். போதாக்குறைக்கு, ஒரே கிருமி நூறு பிள்ளைகளுக்கு வந்தாலும் ருமாட்டிக் காய்ச்சல் வருவது ஓரிருவருக்குத்தான்.

அந்தத் தாய் எழுதியது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. அவர் பிள்ளையின் இதயத்தைப் பற்றிய பயத்தில் எழுதுகிறார். குழுவில் பதில் எழுதாதீர்கள், முடிந்தால் நேரில் போய்ப் பிள்ளையை விசாரித்துவிட்டு வாருங்கள்.

இதைவிட என்னை வருத்தியது, “என்கிட்ட அழுக்கு இருக்காம்மா?” என்று உங்கள் மகள் கேட்டதாக நீங்கள் எழுதியிருந்தது. தயவுசெய்து இன்றே அவளை மடியில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்: “உனக்கு ஒண்ணுமே இல்லடா. எல்லாப் பிள்ளைங்க வாயிலயும் தொண்டையிலயும் நிறைய கிருமி இருக்கும். உன்கிட்ட இருந்தத டாக்டர் பார்த்துட்டாங்க, அவ்வளவுதான். நீ எந்தத் தப்பும் பண்ணல.” தம்பியைத் தூக்க விடுங்கள். பாட்டியோடு படுக்க விடுங்கள். கைக்குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருவது மிக அபூர்வம். பாட்டிக்குக் காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் மூடி வைத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும். ஐஸ்கிரீமுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நாய் உங்களோடே இருக்கட்டும், வீட்டு நாய்களிடமிருந்து இந்தக் கிருமி குடும்பத்துக்கு வருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஸ்வாப் எடுக்க வேண்டும் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள்.

பள்ளியிடம் என்ன பேசுவது?

காய்ச்சலோடு தொண்டை வலி இருக்கும் பிள்ளையை வீட்டில் இருக்கச் சொல்ல பள்ளிக்கு நியாயம் உண்டு. அந்தப் பிள்ளைகூட மருந்து தொடங்கி ஒரு நாள் கழிந்து, காய்ச்சலும் விட்டுவிட்டால் வகுப்புக்கு வரலாம். எந்த அறிகுறியும் இல்லாத குழந்தையிடம் கிருமி இல்லை என்ற சான்று கேட்பதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. உங்கள் மருத்துவரிடம், ‘நோய் அறிகுறி இல்லை, பள்ளிக்கு வரத் தடையில்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அவர் தயங்கினால் வட்டார மருத்துவ அலுவலரிடம் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியை உரிமையாக்கியிருக்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் சட்டத்தை முதல் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். இன்னும் ஆறு வருடம் அதே பள்ளியில் அவள் படிக்க வேண்டும்.

பள்ளி உண்மையிலேயே ஏதாவது செய்ய விரும்பினால், ஜன்னல்களைத் திறந்து வைக்கட்டும். தண்ணீர் பாட்டிலைப் பகிர வேண்டாம் என்று பழக்கட்டும். தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. குழு பள்ளிக்கு வரும்போது, அவர்கள் பார்க்கும் நோய்ப் பட்டியலில் ருமாட்டிக் இதய நோயும் இருக்கிறது. அந்தப் பரிசோதனையை இந்த வகுப்புக்கு முறையாகச் செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குத்தான் பொருந்தும். தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா கிருமியைத் தாங்கியிருப்பவர் நலமாக இருந்தாலும் மருத்துவம் செய்தே ஆக வேண்டும். ஐந்து வயதில் போட வேண்டிய டி.பி.டி. ஊக்க ஊசி உங்கள் மகளுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். பத்து வயதில் டெட்டனஸ்-டிப்தீரியா (டி.டி.) ஊசி இருக்கிறது.

இனி தொண்டை வலி வந்தால்

உங்கள் கவனம் முழுவதும் இங்கேதான் இருக்க வேண்டும். மூக்கு ஒழுகல், இருமல், குரல் கம்மல், கண் சிவப்பு ஆகியவற்றோடு வந்தால் அது பெரும்பாலும் வைரஸ். அப்போது ஸ்வாப் எடுத்தால் தங்கியிருக்கும் பழைய கிருமி மறுபடி தென்பட்டு உங்களைக் குழப்பும். எடுக்க வேண்டாம். இருமல் சளி எதுவுமில்லாமல் திடீரெனக் காய்ச்சல், எச்சில் விழுங்கவே வலி, டான்சிலில் வெள்ளைப் படலம், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறி, கூடவே வயிற்று வலியோ வாந்தியோ, உப்புத்தாள்போலச் சொரசொரக்கும் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள். அண்ணன் விவரத்தையும் சொல்லுங்கள். பென்சிலினோ அமாக்சிசிலினோ தந்தால் மூன்றாம் நாள் சரியாகிவிட்டாலும் பத்து நாளும் கொடுங்கள். நடு இரவில் ஓட வேண்டியதில்லை. நோய் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும் என்பது 1950-களில் அமெரிக்க விமானப்படை வீரர்களிடம் நடந்த ஆய்வுகளிலேயே தெரிந்த உண்மை. அப்படியொரு தொண்டை வலிக்குப் பிறகு சில வாரத்துக்குள் மூட்டு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கிச் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, உங்கள் அண்ணன். அவருக்கு இப்போது 34 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்குப் பென்சிலின் தடுப்பு ஊசியைக் குறைந்தது நாற்பது வயதுவரை தொடரச் சொல்வது வழக்கம், சிலருக்கு அதற்கு மேலும். பலூன் வைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தியவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகளோடு புழங்குபவருக்கு இந்தக் கிருமி எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவர் இப்போதும் ஊசி போட்டுக்கொள்கிறாரா, கடைசியாக எக்கோ எடுத்தது எப்போது என்று இன்று மாலையே போன் செய்து கேளுங்கள். விட்டிருந்தால், இந்த வாரமே அவரை இதய மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.